கருவிலே நஞ்சு: குற்றவாளி யார்?

குழந்தையொன்று குறையோடு பிறந்துவிட்டால், பெற்றவள் செய்த பாவம் என்பர் சிலர். முற்பிறப்பின் வினை என்பர் பலர். கிரகணத்தன்று வெளியே வந்தாளோ என்று கேட்பர் வேறு சிலர். விடை கூறிவிட்டதாக அவர்கட்கு எண்ணம். விடையல்ல அது, வினாவின் வாய்க்கு இடப்பட்ட பூட்டு! அந்தப் பூட்டை அறிவு உடைத்தெறிந்த பின்னரும், நீதிமன்ற வாயிலிலே அதே கேள்வி வேறு கோலம் பூண்டு நிற்கக் காண்கிறோம்: தாய் அருந்திய மதுவால் சேய் கெட்டால், குற்றவாளி யார்?

2014-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு விடை பகர்ந்தது. வழக்கு, 2007-இல் பிறந்த ஒரு பெண் குழந்தையைப் பற்றியது. அவளைச் சுமந்தபோது தாய்க்கு வயது 17. நாள்தோறும் அரைப் புட்டி வோட்கா. அதற்கு மேல் காட்டமான பீர் எட்டு டப்பா. குழந்தை மது விளைத்த ஊனத்தோடு பிறந்தது. அதன் பொறுப்பையேற்ற உள்ளாட்சி மன்றம், குற்றத்துக்கு இலக்கானோர்க்கு அரசு வழங்கும் இழப்பீட்டை இக்குழந்தைக்கும் வழங்குக என வழக்காடியது. இழப்பீடு வேண்டுமெனில் குற்றம் நடந்திருக்க வேண்டும். குற்றமெனில் குற்றவாளி வேண்டும். யார் அவர்? பெற்ற தாய்!

தீர்ப்பைக் கூறுமுன், அந்த நாட்டின் பழைய ஏடுகளைச் சற்றே புரட்டுவோம்.

1690-இல் இங்கிலாந்தின் பாராளுமன்றம், தானியத்திலிருந்து சாராயம் வடிக்கும் தொழிலை ஊக்குவிக்கச் சட்டமியற்றியது. நிலப்பிரபுக்களின் தானியம் விலைபோயிற்று; அரசுக்கு வரி கிடைத்தது; இலண்டன் ஏழைக்கு ஜின் கிடைத்தது! 1726-இல் இலண்டன் மருத்துவர் கல்லூரியார், இந்தச் சாராயத்தால் நலிந்த, நோயுற்ற குழந்தைகள் பிறக்கின்றன எனப் பாராளுமன்றத்திடம் முறையிட்டனர். 1736-இல் கடும் வரி விதித்தனர். கள்ளச் சாராயம் பெருகியது. 1743-இல் அந்தச் சட்டத்தையே கைவிட்டனர். 1751-இல்தான் விற்பனைக்குக் கடிவாளம் விழுந்தது. அவ்வாண்டு ஹோகார்த் என்னும் ஓவியர் தீட்டிய ‘ஜின் சந்து’ படத்திலே, போதையேறிய தாயின் கையிலிருந்து குழந்தை தலைகீழாக வீழ்கிறது. அதே படத்தில் அடகுக் கடைக்காரன் கொழிக்கிறான். ஆனால், உலகத்தின் கண்ணில் நின்றவள் தாய் ஒருத்தியே!

1899-இல் லிவர்பூல் சிறை மருத்துவர் வில்லியம் சல்லிவன் கணக்கெடுத்தார். குடிப்பழக்கமுடைய 120 பெண்கள்; அவர்கள் பெற்ற குழந்தைகள் 600; அவற்றுள் இறந்து பிறந்தவையும் இரண்டு வயதுக்குள் மாண்டவையும் 335. கருவுற்ற காலத்தில் சிறைப்பட்டு, மதுவின்றி இருந்த தாயர் சிலர் நல்ல குழந்தைகளைப் பெற்றதையும் அவர் கண்டார். குலமல்ல, குருதியல்ல, தலையெழுத்தல்ல — மதுவே காரணம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எனினும் அறிவுலகம் விழித்தெழ நெடுங்காலம் ஆயிற்று. 1968-இல் பிரான்சின் நாந்த் நகர மருத்துவர் பால் லெமுவான், இத்தகைய 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1973-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்னும் இருவர் இந்நோய்க்குப் பெயரே சூட்டினர். தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைச் சேர்கிறது. வளரும் மூளையைக் கெடுக்கிறது. 1726-இல் ஒலித்த எச்சரிக்கை, பெயர் பெறுவதற்கு 247 ஆண்டுகள்!

நோய்க்குப் பெயர் கிடைத்ததும், பழிக்கு ஆள் தேடினர். 1989-இல் அதே சியாட்டிலில், பாதிக்கப்பட்ட குழந்தையின் பெற்றோர் ஒரு பெரும் மதுவடிப்பு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர்: புட்டியின்மீது எச்சரிக்கை ஏன் இல்லை? ஜூரிகள் நிறுவனத்தின் பக்கமே நின்றனர். 1988-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, 1989 நவம்பரில்தான் கருவுற்றோர்க்கான எச்சரிக்கை அமெரிக்கப் புட்டிகளில் ஏறியது. விஸ்கான்சின் மாநிலத்தில், 1996-இல் குடிபோதையில் பிள்ளை பெற்ற பெண்மீது கொலை முயற்சி வழக்கே தொடுத்தனர்! 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தள்ளியது. விற்றவன் தப்பினான், குடித்தவள் கூண்டேறினாள். தண்டனைக்கு அஞ்சும் பெண் மருத்துவரை அணுகாள் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2011-இல் எடுத்துரைத்தது. சிறையைக் காட்டினால் மது மறையாது, பெண்தான் மறைந்துகொள்வாள்!

இனி, அந்தத் தீர்ப்பு. 1861-ஆம் ஆண்டுச் சட்டம், ‘பிறிதோர் ஆளுக்கு’ நஞ்சூட்டுவதையே குற்றமென்கிறது. கருவிலிருக்கும் சிசு சட்டத்தின் கண்ணில் இன்னும் ஓர் ஆள் அன்று. ஆகவே தாய் குற்றவாளியல்லள் என்றனர் நீதிபதிகள். நாம் வரவேற்கிறோம். 17 வயதில் போதைக்கு அடிமைப்பட்டவளைக் கொடியவளென முத்திரை குத்துவது நீதியாகாது. ஆயின், அவள் குற்றவாளியல்லள் என்ற அதே மூச்சில், குழந்தைக்கு இழப்பீடும் இல்லையென்றாயிற்றே! தாய்க்குக் கிடைத்த நீதி, சேய்க்கு இழப்பாக முடிவதா?

வழியில்லாமலில்லை. வழி அந்நாட்டுச் சட்டத்திலேயே ஒளிந்து கிடக்கிறது. 1976-இல் இயற்றிய சட்டம், கருவில் நேர்ந்த ஊனத்துக்காகப் பிறர்மீது வழக்காடும் உரிமையைக் குழந்தைக்கு வழங்கியது, தாயை விலக்கியது. ஒன்றில் மட்டும் விலக்கில்லை: தாய் மோட்டார் வண்டி ஓட்டுகையில் நேரும் விபத்து! அதில் மட்டும் ஏன்? வண்டிக்குக் காப்பீடு உண்டு. தாயின் பை கரையாது, குழந்தைக்குப் பணம் வந்துசேரும். பழி தீர்ப்பதன்று, குழந்தையைக் காப்பதே குறிக்கோள் என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது.

அந்த நெறியை மதுவுக்கும் விரித்தாலென்ன? வண்டிக்குக் காப்பீடு உண்டெனில், வரி வாங்கிக்கொண்டு மது விற்க இசைவு தரும் அரசு அக்குழந்தைக்குக் காப்பீடாக நிற்கலாகாதா? எச்சரிப்பது, போதையில் வீழ்ந்தவளுக்கு மருத்துவம் தருவது, பிறந்த குழந்தையைக் குற்றவாளி கிடைத்தாரா என்று கேளாமல் பேணுவது — இம்மூன்றும் சமுதாயத்தின் கடன். பாவியைத் தேடியது பழைய உலகம். குற்றவாளியைத் தேடி நிற்பது இன்றைய உலகம். குழந்தையைத் தேடி வரும் உலகத்தை நாம் அமைப்போம்!