ஏபிஐ அணுகல் கோரிக்கை

ஓர் அமைப்பின் தரவையோ சேவையையோ ஏபிஐ என்னும் இணைப்பு வழியாகத் தம் செயலியில் பயன்படுத்த விரும்பும் நிரலாளர், டெவலப்பர் போர்ட்டல் வழியாக அதற்கு அனுமதி கேட்டுப் பெறும் முறையே ஏபிஐ அணுகல் கோரிக்கை. இந்திய அரசுத் துறைகளின் ஏபிஐகளுக்கு இதற்கென உள்ள தளம் ஏபிஐ சேது. மத்திய மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இத்தளத்துக்கு அடிப்படை, 2015இல் வந்த திறந்த ஏபிஐ கொள்கை.

எல்லா ஏபிஐக்கும் ஒரே பூட்டு பொருந்தாது. 2012இல் தொடங்கிய மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் கணக்குத் தொடங்கினாலே ஏபிஐயை அழைக்கத் தேவையான கீ கிடைத்துவிடும். யார் ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டாம். காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். போன்ற வளாகங்களில் மாணவர் புராஜெக்டுக்கு இதுவே தோது. அந்தத் தளத்திலுள்ள மண்டி விலைப் பட்டியலை மாதிரிக் கீயால் அழைத்தால் பத்துப் பதிவுகளுக்கு மேல் வராது. நிரலில் பிழை என்று இரவெல்லாம் தேடுவோர் உண்டு; சொந்தக் கீயைப் போட்டால் தீர்ந்தது.

அதே மாணவரின் பட்டச் சான்றிதழ் என்றால் கதை வேறு. அரசின் எண்ணிம ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் வழங்கப்படும் ஆவணம் சட்டப்படி அசலுக்கு இணை. அதனால் அதை எடுக்க விரும்பும் நிறுவனம் இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டும். முதலில் நிறுவனமே பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும். பிறகு, ஆவணத்துக்கு உரியவர் தம் கணக்கில் நுழைந்து சம்மதம் தர வேண்டும். முதல் அனுமதி இரண்டாவதற்கு ஈடாகாது. கோரிக்கையை வடிவமைப்போர் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இடம் இது.

போர்ட்டலை அமைக்கும் நிர்வாகி ஒவ்வொரு ஏபிஐக்கும் தனித்தனியாக முடிவெடுப்பார்: கோரிக்கை தானாக ஏற்கப்படுமா, ஆள் பார்த்து ஏற்க வேண்டுமா, பார்ப்பவர் யார், நாளொன்றுக்கு எத்தனை அழைப்புகள், அனுமதி எப்போது காலாவதியாகும். சோதனைச் சூழலுக்கான கீயைத் தாராளமாகத் தரலாம். நேரடிப் பயன்பாட்டுக்கான கீக்கு மறுபடி விண்ணப்பிக்கச் சொல்வதே நல்லது. படிவத்தில் மிக முக்கியமான கட்டம் ‘நோக்கம்’. பலர் ஒரே சொல்லில் முடித்துவிடுவதும் அதைத்தான். எந்த ஆவணம், எதற்கு, எவ்வளவு காலம் என்று தனித்தனியாகக் கேட்டால் ஒப்புதல் தருபவருக்கும் பிடி கிடைக்கும். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தந்த சம்மதம் சொன்ன நோக்கத்துக்கு மட்டுமே என்கிறது.

அனுமதி கிடைத்த பிறகும் அழைப்பு தோற்றால் பிழை எண்ணைப் பார்க்க வேண்டும். 401 என்றால் பெரும்பாலும் கீ தவறு. 403 என்றால் கீ சரி, அந்த ஏபிஐக்கு அனுமதி இல்லை. 429 என்றால் அழைப்பு வரம்பு தாண்டிவிட்டது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டியது 403க்கு மட்டுமே.

தந்த கீயைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டைப் பல போர்ட்டல்கள் கடைசியாகத்தான் யோசிக்கின்றன. நிரலோடு சேர்த்துக் கீயை, நிரல் பகிர்வுத் தளமான கிட்ஹப்பில் பொதுவில் ஏற்றிவிட்டால், அழித்தாலும் பழைய பதிப்பில் அது இருக்கும். அந்தக் கீயை முடக்கிப் புதியது வாங்குவதுதான் வழி. விண்ணப்பித்த ஊழியர் வேலையை விட்டுப் போன பின்பும் அவர் பெயரிலான கீ இயங்கும் என்பதால், கோரிக்கையை நிறுவனக் கணக்கில் பதிவதே முறை.