கெலாயோத்

கெலாயோத் என்பது சிறுநீரகங்களைக் குறிக்கும் எபிரேயச் சொல். எபிரேய விவிலியத்தில் 31 முறை, எப்போதும் பன்மையிலேயே வருகிறது. பலி விலங்கின் உறுப்பையும், மனிதரின் மறைவான எண்ணங்களும் உணர்ச்சிகளும் உறையும் இடத்தையும் இது சுட்டும்.

சொற்பிறப்பு

இது செமித்திய மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல். அக்காதியத்தில் கலீத்து, அரபியில் குல்யா என வழங்குகிறது. ‘முடிதல்’ எனப் பொருள்படும் காலா என்ற எபிரேய வினையோடு இதை இணைத்தோர் உண்டு. ஆயினும் இன மொழிகள் பலவற்றிலும் இச்சொல் உறுப்பின் பெயராகவே இருப்பதால், அதைத் தொன்மையான பெயர்ச்சொல்லாகக் கொள்வதே பொருத்தம்.

பலிச் சடங்கில்

யாத்திராகமத்திலும் லேவியராகமத்திலும் வரும் 16 இடங்களும் பலி பற்றியவை. இரு சிறுநீரகங்களும் அவற்றின் மேலுள்ள கொழுப்பும் கடவுளுக்குரிய பங்காகப் பலிபீடத்தில் எரிக்கப்பட்டன. அக்கொழுப்பு உயர்ந்த பகுதியாக மதிக்கப்பட்டதால், உபாகமம் 32:14 சிறந்த கோதுமையையும் ‘சிறுநீரகக் கொழுப்பு’ என்கிறது.

மனிதரிடத்தில்

மனிதரைப் பற்றி இச்சொல் 13 இடங்களில் வருகிறது. சங்கீதம் 16:7இல் சிறுநீரகங்கள் இரவில் அறிவுறுத்துகின்றன. நீதிமொழிகள் 23:16இல் மகிழ்கின்றன. எரேமியா நூல் இவற்றை இதயத்தோடு சேர்த்து, இரண்டையும் ஆராய்ந்தறிபவர் கடவுள் என்கிறது. உடலின் ஆழத்தில், கொழுப்பு மூடிக் கிடக்கும் உறுப்பு என்பதால், பிறர் காணாத அந்தரங்கத்துக்கு இது பெயரானது என விளக்குவர்.

மொழிபெயர்ப்புகள்

கிரேக்கச் செப்துவகிந்தா நெஃப்ரோய் என்றும், இலத்தீன் வுல்காத்தா ரேனெஸ் என்றும் உறுப்பின் பெயராலேயே பெயர்த்தன. புதிய ஏற்பாட்டில் இக்கிரேக்கச் சொல் வெளிப்படுத்தல் 2:23இல் மட்டும் வருகிறது. தமிழின் பழைய திருப்புதல் இரண்டு பொருளையும் பிரித்துக்கொண்டது: லேவியராகமத்தில் ‘குண்டிக்காய்கள்’, எரேமியாவில் ‘உள்ளிந்திரியங்கள்’. இதனால் இரு நூல்களிலும் ஒரே சொல் இருப்பது தமிழ் வாசகருக்குப் புலப்படுவதில்லை.

பிற்கால வழக்கு

பாபிலோனியத் தால்முதின் பெராகோத் பகுதி, ஒரு சிறுநீரகம் நன்மைக்கும் மற்றது தீமைக்கும் ஆலோசனை கூறும் என்கிறது. இக்கால எபிரேயத்தில் ஒருமை வடிவமான கில்யா மருத்துவத்தில் வழங்குகிறது. மனச்சான்றின் உறுத்தலைக் குறிக்க ‘மூசர் கெலாயோத்’, அதாவது ‘சிறுநீரகங்களின் கண்டிப்பு’ என்ற தொடர் இன்றும் பயன்படுகிறது.