திறந்த மூல மென்பொருள் உலகில் 'சாதி' என்ற சொல்

திறந்த மூல மென்பொருளின் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். எனினும், ஒருவர் அனுப்பும் திருத்தத்தை ஏற்பதா மறுப்பதா என்பதை அந்தத் திட்டத்தின் பராமரிப்பாளர்களே முடிவு செய்கின்றனர். ஆகவே, அவர்கள் பேசும் முறையைத் தனிமனிதக் குணமாக மட்டும் நாம் பார்க்க இயலாது. யார் நிலைப்பார், யார் விலகுவார் என்பதை அதுவும் தீர்மானிக்கிறது.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் இதற்குச் சான்று. அவருடைய வசைமொழி பல்லாண்டுகள் நேர்மையான பேச்சு எனப் பொறுத்துக்கொள்ளப்பட்டது. யுஎஸ்பி 3.0 இயக்கியை எழுதியவர், இத்தகைய உரையாடல் சூழலால் விலகியதாக 2015இல் வெளிப்படையாக எழுதினார். 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அப்போது 'பங்களிப்பாளர் உடன்படிக்கை'யின் 1.4ஆம் பதிப்பைத் தழுவிய நடத்தை விதி ஏற்கப்பட்டது.

அதை எதிர்த்தோர், திறமை மட்டுமே அளவுகோலாக இருக்க வேண்டும் என்றனர். இடஒதுக்கீட்டு விவாதங்களில் நாம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வாதம் இது. கிட்ஹப் தளத்தின் நட்சத்திரங்களும் பின்தொடர்வோர் எண்ணிக்கையும் திறமையின் அடையாளமாகவே கொள்ளப்படுகின்றன. ஆனால் ஊதியமின்றி உழைக்கும் ஓய்வு நேரம், சரளமான ஆங்கிலம், அறிமுகங்கள் ஆகியவை வாய்த்தவர்களிடமே அப்புகழ் எளிதில் சேர்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இவை பெரும்பாலும் வாய்ப்பதில்லை.

1.4ஆம் பதிப்பின் பாகுபாட்டுப் பட்டியலில் இனமும் மதமும் இருந்தன, சாதி இல்லை. 2.1ஆம் பதிப்பில் 'சாதி' சேர்க்கப்பட்டது. திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை என நான்கு படிநிலை நடவடிக்கைகளையும் அது வகுத்துள்ளது.

அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் உறுப்பு சாதியைப் பெயர் சொல்லித் தடுக்கிறது. பெயரிடப்படாத பாகுபாட்டை மெய்ப்பிப்பது எவ்வளவு கடினம் என்பதை வழக்காடுவோர் அறிவர். நடத்தை விதிகள் சட்டமல்ல. எனினும் முறையிடுவோர்க்கு முதல் பிடிமானம் அவையே.

புதிய பதிப்பு வந்ததாலேயே பழைய விதிகள் மாறிவிடுவதில்லை. ஒவ்வொரு திட்டமும் தானே அதை ஏற்க வேண்டும். எனவே, மாணவர்கள் தாம் பங்களிக்கும் திட்டத்தின் விதியில் 'சாதி' இருக்கிறதா, முறையீட்டை விசாரிப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். இல்லையெனில், அச்சொல்லைச் சேர்க்கக் கோரும் திருத்தத்தையே நம் முதல் பங்களிப்பாக அனுப்பலாம்.