கதவைத் தட்டிய கைகள் – 3: நியூயார்க்கில் கூடிய 52 பேர்

மார்த்தா மினெர்வா ஃபிராங்க்ளின் கறுப்பினச் செவிலியர்களுக்குத் தன் கைப்பட 1500 கடிதங்கள் எழுதித் தபாலில் சேர்த்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அந்தக் காலத்தில் ஒரு கடிதத்துக்கு 2 சென்ட் தபால்தலை. கணக்குப் போட்டால் 30 டாலர். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துப் பிழைத்த ஒரு கறுப்பின நர்சுக்கு அது சின்னத் தொகை இல்லை. பதில் வருமா என்பது அவருக்கே தெரியாது.

வந்தது. அமெரிக்காவின் பல மூலைகளிலிருந்தும் வந்தது. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது, ஆனால் குறை ஒன்றுதான். படித்தோம், பயிற்சி முடித்தோம், சான்றிதழ் வைத்திருக்கிறோம். எங்களை நர்ஸ் என்று ஏற்க ஆளில்லை. மாநிலத்தில் பதிவு செய்துகொண்டால்தான் முழுத் தகுதி பெற்ற செவிலியர் என்ற சட்டம் அப்போதுதான் ஒவ்வொரு மாநிலமாக வந்துகொண்டிருந்தது. தெற்கே சில இடங்களில் கறுப்பினப் பெண்களை அந்தப் பதிவுத் தேர்வை எழுதவே விடவில்லை. இரவெல்லாம் கண்விழித்து வார்டில் நின்ற பெண், தேர்வறை வாசலோடு திரும்ப வேண்டியிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் நியூயார்க்கிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. லிங்கன் மருத்துவமனை செவிலியர் பள்ளியின் பழைய மாணவியர் சங்கம், ‘எங்கள் ஊரில் கூடுங்கள், நாங்கள் உபசரிக்கிறோம்’ என்றது. அழைத்தவர் அந்தச் சங்கத்தின் தலைவி ஏடா பெல் தாம்ஸ். இந்தப் பெயரை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வரும் வாரங்களில் கதையைத் தூக்கிச் சுமக்கப் போகிறவர் இவர்தான்.

யார் இந்தத் தாம்ஸ்? வர்ஜீனியாக்காரர். பள்ளி ஆசிரியையாக இருந்து, பிறகு நியூயார்க்குக்கு வந்து செவிலியம் படித்தவர். லிங்கனில் 1905-இல் பயிற்சி முடித்தார். மறு ஆண்டே உதவிக் கண்காணிப்பாளர் ஆனார். செவிலியர் பள்ளியின் இயக்குநர் பொறுப்பும் அவர் தலையில் வந்து விழுந்தது. வேலை முழுவதும் அவருடையது. பதவி மட்டும் ‘பொறுப்பு’ என்றே இருந்தது. 1906 முதல் 1923-இல் ஓய்வு பெறும்வரை அந்த ‘பொறுப்பு’ நீங்கவே இல்லை. ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு இயக்குநர் என்று பெயர்ப்பலகை மாட்ட யாருக்கும் மனம் வரவில்லை. இத்தனை ஆண்டுகள் அதைச் சகித்துக்கொண்டு, கசப்பைக் கையில் வைத்திருக்கும் வேலையில் காட்டாதவர் என்பதே தாம்ஸைப் பற்றி நான் சொல்லக்கூடிய பெரிய புகழ்ச்சி.

1908 ஆகஸ்ட் 25. நியூயார்க்கின் செயின்ட் மார்க்ஸ் மெதடிஸ்ட் தேவாலயம். 1500 கடிதங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் 52 பேர்.

குறைவுதானே என்று தோன்றும். தனியார் வீடுகளில் அன்றாடக் கூலிக்கு வேலை பார்க்கும் பெண், நோயாளியை விட்டுவிட்டு ரயிலேறினால் அத்தனை நாள் சம்பளமும் போய்விடும். அந்த நோயாளியும் திரும்பக் கூப்பிடுவாரா என்பது நிச்சயமில்லை. அப்படியிருந்தும் 52 பேர் வந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மூன்று நாள் பேசினார்கள். முடிவில் கறுப்பினப் பட்டயச் செவிலியர் தேசியச் சங்கம் பிறந்தது. மார்த்தாவே முதல் தலைவி. குறிக்கோள்கள் மூன்று. அவற்றை எழுதிய வரிசையைப் பாருங்கள். முதலில், பயிற்சி பெற்ற செவிலியரின் தரத்தையும் நலனையும் உயர்த்துவது. அடுத்துத்தான் தொழிலில் உள்ள பாகுபாட்டை உடைப்பது. மூன்றாவது, தங்களுக்குள்ளிருந்தே தலைவர்களை வளர்ப்பது.

அநியாயத்தை எதிர்த்துக் கூடியவர்கள், முதல் வரியில் தங்கள் தரத்தைப் பற்றி எழுதினார்கள். முறையாகப் பயிற்சி முடித்தவர்களுக்கே உறுப்பினர் இடம். வாசலை அகலத் திறந்துவிட்டால் எண்ணிக்கை கூடியிருக்கும். ஆனால் ‘இவள் எங்கள் உறுப்பினர்’ என்று சங்கம் சொன்னால் ஒரு மருத்துவர் நம்ப வேண்டும், ஒரு குடும்பம் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையைத்தான் அவர்கள் சந்தாவுக்கு ஈடாகக் கொடுத்தார்கள். பின்னாளில் வேலை தேடுவோருக்கான பதிவேடு ஒன்றையும் சங்கம் நடத்தியது. சேர்ந்ததால் எனக்கு என்ன கிடைத்தது என்று உறுப்பினர் கேட்டால் கையில் எடுத்துக் காட்ட ஒன்று இருந்தது.

அடுத்த ஆண்டு பாஸ்டனில் மாநாடு. வரவேற்புரை ஆற்ற எழுந்தவர் மேரி எலிசா மஹோனி, 64 வயது, ஐந்தடிகூட இல்லாத சிறிய உருவம். 1879-இல் அமெரிக்காவில் முதன்முதலாகப் பயிற்சி முடித்த கறுப்பினச் செவிலியர் அவர். தான் பயின்ற அதே மருத்துவமனையில் அதற்கு முன் சமைத்தார், துவைத்தார், தரை துடைத்தார். சங்கம் அவருக்கு ஆயுள் உறுப்பினர் தகுதி தந்து சந்தாவைத் தள்ளுபடி செய்தது. இளம் நர்சுகளுக்கு, கடந்த 30 ஆண்டுகளும் ஓர் ஆளாகக் கண்முன் வந்து நின்றதுபோல் இருந்திருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் முன்னே தாவ வேண்டியிருக்கிறது. நம் தொடர் போய்ச் சேரவேண்டிய ஊர் முனைவர் பட்டம். இந்தச் சங்கத்துக்குப் பின்னாளில் தலைமை தாங்கிய எஸ்டெல் மாஸி, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் 1931-இல் முதுகலை முடித்தார். அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினச் செவிலியர் அவரே. எலிசபெத் லிப்ஃபர்ட் கென்ட் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினச் செவிலியர் ஆனது 1955-இல். தேவாலயத்தில் 52 பேர் கூடியதற்கும் அந்தப் பட்டத்துக்கும் நடுவே 47 ஆண்டுகள். அந்த 47 ஆண்டுகளும் சும்மா கழியவில்லை.

முதல் பெரிய அடி 1916-இல் விழுந்தது. அதுவரை பழைய மாணவியர் சங்கம் வழியாகவே அமெரிக்கச் செவிலியர் சங்கத்தில் சேர முடிந்தது. மஹோனி போன்ற சிலர் அப்படித்தான் உள்ளே போனார்கள். இப்போது விதி மாறியது: இனி மாநிலச் சங்கம் வழியாகத்தான். தெற்கத்திய மாநிலச் சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. வெளிப்படையாகத் தடை என்று ஒரு வரிகூட எழுதாமலே கதவு சாத்தப்பட்டது. அதே ஆண்டில்தான் ஏடா தாம்ஸ் நம் சங்கத்தின் தலைவி ஆனார்.

1917 ஏப்ரல். அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது. ராணுவத்துக்கு நர்சுகள் வேண்டும். அவர்களைத் திரட்டித் தருவது செஞ்சிலுவைச் சங்கம். தாம்ஸ் தன் உறுப்பினர்களை உடனே பெயர் கொடுக்கச் சொன்னார். அதற்குப் பொறுப்பாயிருந்த ஜேன் டெலானோவுக்குக் கடிதம் போட்டார். ராணுவத் தலைமை மருத்துவரின் அலுவலகம் கைவிரித்தது. தாம்ஸ் விடவில்லை. மேலும் கடிதங்கள், மேலும் மனுக்கள். ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது. பிரான்சில் காயம்பட்டவர்கள் குவிகிறார்கள்; இங்கே பயிற்சி பெற்ற கைகள் கட்டுண்டு கிடக்கின்றன.

1918 ஜூலையில் ஒரு கதவு இடுக்களவு திறந்தது. வாஷிங்டனின் ஃப்ரீட்மென்ஸ் மருத்துவமனையில் பயின்ற ஃபிரான்சிஸ் ரீட் எலியட்டைச் செஞ்சிலுவைச் சங்கம் செவிலியராகப் பதிவு செய்தது. கறுப்பினத்தவரில் அவரே முதல் ஆள். சங்கத்தின் பேட்ஜும் வந்தது. அதில் பொறித்திருந்த எண்: 1ஏ.

பல ஆயிரம் வெள்ளை நர்சுகள் பதிவான பிறகும் இவருக்கு மட்டும் 1 என்ற எண் எப்படி வந்தது? பக்கத்தில் அந்த ‘ஏ’ எதற்கு? அடுத்த சில மாதங்களில் ஸ்பானிஷ் காய்ச்சல் ராணுவ முகாம்களைப் புரட்டிப்போட்டபோது, ராணுவம் எத்தனை பேரைக் கூப்பிட்டது தெரியுமா?

அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)