ஆல்டர்ஸ்கேட்டுக்குப் பின்னும் ஒழுங்குகள்: ஜான் வெஸ்லியின் 1738 மே 24 நாட்குறிப்பு குறித்த மறுவாசிப்பு

ஜான் வெஸ்லியின் நாட்குறிப்பில் 1738ஆம் ஆண்டு மே 24ஆம் நாளுக்குரிய பதிவு, தேவனோடு கொள்ளும் தனிப்பட்ட உறவும் விதிகளைக் கைக்கொள்ளும் சமயநெறியும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று காட்டுவதற்குரிய முதன்மைச் சான்றாக நெடுங்காலமாக எடுத்தாளப்பட்டு வருகிறது. அன்று மாலை லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டத்துக்குள் நுழைந்தவர் உபவாசத்தாலும் நேரக்கட்டுப்பாட்டாலும் நற்கிரியைகளாலும் தேவனை எட்ட முயன்ற ஒரு குருவானவர் என்றும், வெளியே வந்தவர் அவற்றையெல்லாம் கீழே போட்டுவிட்டு உள்ளத்தின் உறவுக்குள் வந்துவிட்ட ஒரு விசுவாசி என்றும் இந்த வாசிப்பு கொள்கிறது. வெஸ்லியின் வாழ்க்கை வரலாறுகள் பலவற்றுக்கும் அவற்றை அடியொற்றிய பிரசங்கங்களுக்கும் இதுவே அச்சாணியாக இருந்துள்ளது. அன்றிரவு முக்கியமான ஒன்று நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை மறுக்கவில்லை. நிகழ்ந்தது விதியிலிருந்து பெற்ற விடுதலை என்பதையே மறுக்கிறது. பதிவை முழுமையாகவும், அது எழுதப்பட்ட ஆண்டுகளின் பின்னணியிலும் வாசித்தால், வெஸ்லியிடம் மாறியது விதிகள் நின்ற அடித்தளமே என்பதும், விதிகள் அதன்பின் குறையாமல் பெருகின என்பதும் தெளிவாகும்.

முதலில் பதிவின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். அது ஒரு நாளின் நிகழ்ச்சிகளை அன்றன்றே குறித்துவைத்த ஏடு அன்று. எண்ணிட்ட பத்திகளாக வகுக்கப்பட்டு, குழந்தைப் பருவத்தில் பெற்ற கண்டிப்பான வளர்ப்பு, பள்ளி, ஆக்ஸ்போர்டு, தாமஸ் அ கெம்பிஸ், வில்லியம் லா ஆகியோரின் நூல்கள், ஜார்ஜியா குடியேற்றத்தில் செய்த ஊழியம், மொராவியப் போதகர் பீட்டர் போலருடன் நடந்த உரையாடல்கள் என்று படிப்படியாக முன்னேறும் ஒரு தன்வரலாற்றுச் சுருக்கம். இப்பகுதி அச்சேறியது 1740இல். பதினான்காம் பத்தியில்தான் மாலைக் கூட்டம் வருகிறது. விருப்பமின்றிச் சென்றதாகவும், ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் அங்கே வாசித்துக்கொண்டிருந்ததாகவும், ஏறக்குறைய எட்டே முக்கால் மணிக்குத் தம் உள்ளத்தில் விநோதமான ஓர் அனலை உணர்ந்ததாகவும், கிறிஸ்து ஒருவரையே தாம் நம்புவதையும் தம் பாவங்கள் நீக்கப்பட்டதையும் அறிந்ததாகவும் வெஸ்லி எழுதுகிறார். மரபான வாசிப்பு பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. பதிவோ நிற்கவில்லை.

அடுத்து வரும் பத்திகளே இங்கு எடுத்துக்கொண்ட சிக்கலுக்கு மையமானவை. அனலை உணர்ந்த வெஸ்லி முதலில் செய்ததாகச் சொல்வது, தம்மை இழிவாக நடத்தித் துன்புறுத்தியவர்களுக்காக முழுப் பலத்தோடும் ஜெபித்ததாகும். இது மலைப்பிரசங்கத்தில் உள்ள கட்டளை. அதைக் குறிப்பதற்கு வெஸ்லி கையாளும் சொற்களும் அந்த வசனத்தின் சொற்களே. நேரடி உறவின் முதற்கனி ஒரு கட்டளையின் நிறைவேற்றமாக இருக்கிறது. அதன்பின் சோதனை வருகிறது: இது விசுவாசமாக இருக்க முடியாது, இருந்தால் மகிழ்ச்சி எங்கே என்ற எண்ணம் எழுகிறது. சமாதானமும் பாவத்தின்மேல் வெற்றியும் விசுவாசத்துக்கு இன்றியமையாதவை என்றும், பொங்கிவரும் பரவசத்தையோ தேவன் தம் சித்தப்படி சிலவேளை கொடுக்கிறார், சிலவேளை கொடுப்பதில்லை என்றும் அதற்கு விடை காண்கிறார். ஆகவே, பக்தியின் அளவுகோல் உணர்ச்சியே என்று நிறுவ இப்பதிவைத் துணைக்கு அழைப்பவர்களுக்குப் பதிவே எதிர்சாட்சியாக நிற்கிறது.

வீடு திரும்பிய பின் எழுந்த சோதனைகளைப் பற்றிச் சொல்லும் பதினாறாம் பத்தி இன்னும் தெளிவானது. தம் முந்தைய நிலைக்கும் இப்போதைய நிலைக்கும் உள்ள வேறுபாடு முதன்மையாக எதில் அடங்கியிருக்கிறது என்பதை வெஸ்லி அங்கே வெளிப்படையாகவே வரையறுக்கிறார். கிருபையின் கீழ் மட்டுமன்றி நியாயப்பிரமாணத்தின் கீழ் இருந்தபோதும் தாம் முழுமூச்சோடு போராடியதாகவும், அப்போது சிலவேளை, ஏன் பலவேளை, தோற்றதாகவும், இப்போதோ எப்போதும் வெல்வதாகவும் கூறுகிறார். போராட்டம் முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது; போராட்டத்தின் பொருளும் பாவத்தை விலக்கிக் கீழ்ப்படிவதாகவே இரு நிலைகளிலும் இருக்கிறது. வேறுபட்டது பலன் மட்டுமே. விதியைக் கைக்கொள்ளும் முயற்சியைக் கைவிட்ட ஒருவர், அம்முயற்சியில் கிடைத்த வெற்றியைத் தம் புதிய வாழ்வின் அடையாளமாகக் காட்டியிருக்க மாட்டார். பதிவின் முற்பகுதியில் அவர் கண்டிப்பது ஒழுங்கை அன்று. ஒழுங்கைத் தாம் தேவனால் ஏற்றுக்கொள்ளப்படுவதற்கான ஆதாரமாக்கிக்கொண்டதையே. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததே மரபான வாசிப்பின் அடிப்படைப் பிழை.

காலவரிசையும் இதையே உறுதி செய்கிறது. மே 24க்கு மூன்று வாரங்களுக்கு முன்னரே, மே 1ஆம் நாளில், ஃபெட்டர் லேன் சங்கம் என்று பின்னர் அழைக்கப்பட்ட சிறு சங்கம் லண்டனில் கூடியது. வாரந்தோறும் கூடி ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிட்டுச் சுகமடையும்படி ஜெபிக்க வேண்டும் என்பது அதன் விதி. அந்த விதிக்கு ஆலோசனை தந்தவர், விசுவாசம் ஒன்றே போதும் என்று வெஸ்லிக்கு இடைவிடாமல் எடுத்துரைத்த அதே பீட்டர் போலர். ஆல்டர்ஸ்கேட் நிகழ்ச்சிக்குப் பின் அதே ஆண்டு கோடையில் வெஸ்லி சென்று கண்ட மொராவியரின் ஹெர்ன்ஹூட் குடியிருப்பும் 1727 முதல் எழுதப்பட்ட ஒழுங்குகளின் கீழ் இயங்கிய சமூகமே. அங்கிருந்து திரும்பி, உள்ளம் அனல்கொண்ட நாளிலிருந்து ஏழு மாதங்கள் கழித்து, 1738 டிசம்பர் 25ஆம் நாளில், சிறுகுழுக்களுக்கான விதிகள் வகுக்கப்பட்டன. குறித்த நேரத்துக்குத் தவறாமல் வர வேண்டும். பாட்டோடோ ஜெபத்தோடோ தொடங்க வேண்டும். சென்ற கூட்டத்துக்குப் பின் அறிந்து செய்த பாவங்கள் எவை, சந்தித்த சோதனைகள் எவை, அவற்றிலிருந்து தப்பியது எவ்வாறு, பாவமா இல்லையா என்று ஐயுறும் எண்ணமோ சொல்லோ செயலோ உண்டா என்று ஒவ்வொருவரும் கேட்கப்பட வேண்டும். அதே ஏட்டில், குழுவில் சேர வருபவரிடம் பாவமன்னிப்பின் நிச்சயமும் தேவனோடு சமாதானமும் உண்டா என்று கேட்க வேண்டும் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. உறவைப் பற்றிய கேள்வியும் நடத்தையைப் பற்றிய கேள்வியும் ஒரே தாளில், ஒரே கூட்டத்துக்காக எழுதப்பட்டவை. முன்னதை உடையவருக்குப் பின்னது தேவையில்லை என்று அந்த ஏடு கருதவில்லை. முன்னதை உடையவர்தாம் பின்னதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்றே கருதியிருக்கிறது.

பதிவு வெளியான 1740ஆம் ஆண்டின் சூழலை மரபான வாசிப்பு போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை. 1739ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லண்டனுக்கு வந்த மொராவியரான ஃபிலிப் மோல்தர், முழுநிச்சயம் அடையாதவர்கள் ஜெபம், வேதவாசிப்பு, திருவிருந்து ஆகிய கிருபையின் சாதனங்களை, அதாவது தேவன் தம் அருளை மனிதருக்கு அளிக்கும் வழிகளாகத் திருச்சபை கொண்டிருந்த ஏற்பாடுகளை, நாடாமல் தேவனுக்கு முன் அமைதியாகக் காத்திருக்க வேண்டும் என்று போதித்தார். உறவு கிடைக்கும்வரை விதி வேண்டாம் என்பதே இப்போதனையின் சாரம். அமைதிக் கோட்பாடு என்று அறியப்படும் இதை வெஸ்லி வன்மையாக எதிர்த்தார். 1740 ஜூலையில், தாம் முதன்மையானவராக இருந்த ஃபெட்டர் லேன் சங்கத்தையே விட்டு வெளியேறினார். கிருபையின் சாதனங்கள் குறித்து 1746இல் அவர் வெளியிட்ட பிரசங்கமும் இந்தப் போராட்டத்தின் விளைச்சலே. பதிவின் ஒவ்வொரு வரியும் மோல்தருக்கு மறுப்பாக எழுதப்பட்டது என்று கூறுவது மிகையாகும். எனினும், விதியையும் உறவையும் எதிரெதிராக நிறுத்திய ஒரு போதனையை எதிர்த்துத் தம் நண்பர்களைப் பிரிந்த அதே ஆண்டில் ஒருவர் வெளியிட்ட பதிவு, அந்தப் போதனைக்கே ஆதாரமாக வாசிக்கப்பட்டு வருவது ஏற்கத்தக்கதன்று.

வெஸ்லியின் தலைமையில் இயங்கிய சங்கங்களுக்காக 1743இல் வெளியான பொதுவிதிகள் இந்த வளர்ச்சியின் முதிர்ந்த வடிவம். சேர வருபவருக்கு ஒரே நிபந்தனைதான் விதிக்கப்பட்டது: வரும் கோபத்துக்குத் தப்பிப் பாவங்களினின்று இரட்சிக்கப்படும் வாஞ்சை. சேர்ந்தபின் அந்த வாஞ்சையை மூன்று வகைகளில் காட்ட வேண்டும். தீமை செய்யாதிருக்க வேண்டும். இதில் குடிவெறி, வட்டி, சுங்கம் செலுத்தாத சரக்குகளை வாங்குவதும் விற்பதும், திருப்பித்தர வழியில்லாமல் கடன் வாங்குவது ஆகியவை பெயர் சுட்டி விலக்கப்பட்டன. நன்மை செய்ய வேண்டும். பசித்தவருக்கு உணவு, ஆடையற்றவருக்கு ஆடை, நோயாளிகளையும் சிறையில் உள்ளோரையும் சந்திப்பது இதில் அடங்கும். தேவன் ஏற்படுத்திய நியமங்களைக் கைக்கொள்ள வேண்டும். பொது ஆராதனை, திருவிருந்து, குடும்ப ஜெபம், தனி ஜெபம், வேத ஆராய்ச்சி, உபவாசம் இதில் வரும். ஏறக்குறைய பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்பு ஒன்றின் தலைவர் ஒவ்வொருவரையும் வாரம் ஒருமுறையாவது கண்டு, அவர் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும்.

இவ்விதிகள் நடைமுறையில் எப்படிச் செயல்பட்டன என்பதற்கு அதே ஆண்டு மார்ச் மாதம் நியூகாசில் சங்கத்தைப் பற்றி வெஸ்லி எழுதிய குறிப்பு துணைசெய்கிறது. நீக்கப்பட்டோர் 64 பேர். அவர்களில் 17 பேர் குடிவெறிக்காகவும், 29 பேர் விளையாட்டுத்தனத்துக்காகவும் அசட்டைக்காகவும், ஒருவர் மனைவியை அடித்ததற்காகவும், எஞ்சியோர் பொய், சண்டை, ஓய்வுநாள் மீறல், சாராய விற்பனை போன்றவற்றுக்காகவும் நீக்கப்பட்டனர். உள்ளத்தின் நிச்சயம் இல்லாததற்காக நீக்கப்பட்டவர் என்று ஒருவரும் அப்பட்டியலில் இல்லை. அனலைப் பெறாதவருக்குச் சங்கத்தில் இடம் இருந்தது; மனைவியை அடித்தவருக்கு இல்லை. உறவு உண்டா என்பதைத் தேவன் அறிவார், அதன் கனி அண்டை வீட்டாருக்குத் தெரியும் என்ற தெளிவு இந்த ஒழுங்கில் அடங்கியிருக்கிறது.

இனி மறுப்புகள். 1740களில் வெஸ்லி எழுதிய விவாத நூல்களில் 1738ஆம் ஆண்டையே எல்லைக்கோடாக்கி, அதற்கு முன் தம் பிரசங்கம் கனியற்றிருந்தது, அதன்பின் கனி தந்தது என்று கூறுகிறாரே என்பது இவற்றுள் வலுவானது. இது உண்மை, ஆயின் அங்கே அவர் பேசுவது பிரசங்கத்தின் பொருளும் பலனும் பற்றியே, ஒழுங்கின் நீக்கம் பற்றியன்று. அதே வெஸ்லி 1766இல் கிறிஸ்தவப் பூரணத்தைப் பற்றி எழுதிய விளக்கத்தில் தம் ஆன்மிகப் பாதையை 1725 முதல் வரிசைப்படுத்தும்போது, ஜெரமி டெய்லர், கெம்பிஸ், லா, 1733இல் ஆக்ஸ்போர்டில் செய்த இருதய விருத்தசேதனம் பற்றிய பிரசங்கம், ஜார்ஜியா என்று வந்து, ஆல்டர்ஸ்கேட் மாலையைக் குறிப்பிடாமலேயே ஹெர்ன்ஹூட்டில் நடந்த ஓர் உரையாடலுக்குச் சென்றுவிடுகிறார். அந்த 1733 பிரசங்கத்தை 45 ஆண்டுகள் கழித்தும் தம்மால் இதைவிட நன்றாக எழுத முடியாது என்று 1778இல் நாட்குறிப்பில் பதிவுசெய்கிறார். பழைய வாழ்வு முழுவதையும் வெறும் விதிப்பற்று என்று தள்ளியவரின் கூற்று இதுவாக இருக்க முடியாது.

ஜார்ஜியாவிலிருந்து திரும்பிய நாட்களில், பிறரை மனந்திருப்பச் சென்ற தாமே தேவனிடம் மனந்திரும்பியிருக்கவில்லை என்று எழுதியிருந்த வெஸ்லி, 1774இல் தொகுப்பு நூல்களுக்காக நாட்குறிப்பைத் திருத்தியபோது, அது உறுதியில்லை என்று அடிக்குறிப்பு இட்டார். அக்காலத்திலும் தமக்கு மகனுக்குரிய விசுவாசம் இல்லாவிடினும் ஊழியக்காரனுக்குரிய விசுவாசம் இருந்தது என்றும் சேர்த்தார். இக்குறிப்புகள் மே 24 பதிவின்மேல் இடப்பட்டவை அல்ல என்பது கவனத்துக்குரியது. ஆனால் அப்பதிவின் மரபான வாசிப்பு எந்த முன்கதையின்மேல் நிற்கிறதோ அதையே இவை தளர்த்துகின்றன. இத்திருத்தங்கள் முதுமையின் நெகிழ்ச்சி என்ற கருத்துக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. 1739 ஜனவரியிலேயே, ஆல்டர்ஸ்கேட்டுக்கு எட்டு மாதங்களுக்குள், தாம் இன்னும் கிறிஸ்தவனல்லன் என்று நாட்குறிப்பில் எழுதியவர் அவர். 1766இல் தம்பி சார்ல்ஸுக்கு எழுதிய கடிதத்தில் தாம் தேவனை நேசித்ததே இல்லை என்று சொல்வதும் ஒரு மனச்சோர்வின் வெளிப்பாடாகவே கொள்ளத்தக்கது. அதைக் கொண்டு எந்தத் தரப்பையும் நிறுவுவது நியாயமாகாது.

1755இல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் வெஸ்லி தொடங்கிய உடன்படிக்கை ஆராதனை, இன்று தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயங்களில் புத்தாண்டின் முதல் ஞாயிறன்று நடைபெறும் உடன்படிக்கை ஆராதனைக்கு மூலமாகும். தன்னை முழுவதும் தேவனுக்கு ஒப்புவிப்பதும், அவர் கட்டளையிடும் எதையும் செய்ய உடன்படுவதும் அங்கே ஒரே ஜெபத்தில் வருகின்றன. வெஸ்லியின் மரபில் வந்த சபைகளில் உறவே போதும், விதி வேண்டாம் என்ற பேச்சு எழும்போது, அது தன் மூலத்தை மறந்த பேச்சு என்று சொல்வதற்கு இந்த ஆராதனையே போதுமான சான்று.

இச்சிக்கல் ஏட்டளவில் முடிந்துவிடுவதன்று. 1788இல் விசுவாசத்தைப் பற்றி எழுதிய பிரசங்கத்தில், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் விசுவாசத்தால் இரட்சிப்பு என்ற உபதேசத்தைப் போதிக்கத் தொடங்கிய நாட்களில் தம் கூட்டத்தார் ஊழியக்காரனுக்கும் மகனுக்கும் உள்ள வேறுபாட்டைச் சரிவர உணரவில்லை என்று வெஸ்லி ஒப்புக்கொள்கிறார். தேவனுக்குப் பயந்து நீதியாய் நடந்தவர்களிடம் மன்னிப்பின் நிச்சயம் உண்டா என்று கேட்டு, இல்லை என்றவுடன் அவர்களைப் பிசாசின் பிள்ளைகள் என்று தீர்த்துவிட்டதையும், தேவன் துக்கப்படுத்தாதவர்களைத் தாங்கள் துக்கப்படுத்தியதையும் எண்ணி வருந்துகிறார். அவர்கள் அந்த நிலையிலேயே நின்றுவிடலாம் என்று அவர் சொல்லவில்லை. மகனுக்குரிய விசுவாசத்தை நோக்கி முன்னேறும்படி வற்புறுத்துகிறார். ஆனால் அவர்கள் ஏற்கெனவே தேவனால் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் என்பதில் அவருக்கு ஐயமில்லை. பதினான்காம் பத்தியை மட்டும் வாசித்துப் பதினாறாம் பத்தியை விட்டுவிடும் வாசிப்பு, வெஸ்லி தாமே வருந்தித் திருத்திக்கொண்ட தவற்றை அவர் பெயரால் மீண்டும் செய்கிறது. உள்ளத்தில் அனலை உணராமல், ஆண்டுக்கணக்காக ஜெபித்தும் கொடுத்தும் மன்னித்தும் வரும் ஒருவருக்கு உறவு இல்லை என்று தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை அந்த மே மாதப் பதிவு எவருக்கும் வழங்கவில்லை.