லோத்திகா சர்க்கார்: தீர்ப்பைக் கேள்விக்குள்ளாக்கிய குற்றவியல் சட்டப் பேராசிரியர்

லோத்திகா சர்க்கார் (1923–2013) கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். தில்லிப் பல்கலைக்கழகச் சட்டத்துறையின் முதல் பெண் ஆசிரியர். அங்கு நெடுங்காலம் குற்றவியல் சட்டம் கற்பித்தார். 1971இல் அமைக்கப்பட்ட இந்தியப் பெண்களின் நிலை குறித்த குழுவில் உறுப்பினராக இருந்தார். சட்டமன்றங்களில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு தேவையில்லை என்று அக்குழுவின் பெரும்பான்மையினர் கருதியபோது, வீணா மஜும்தாருடன் இணைந்து மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். எனினும் அவரது பெயர் நினைக்கப்படுவது பெரும்பாலும் 1979இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்திற்காகவே.

1972 மார்ச்சில், மகாராட்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்திற்கு, அண்ணன் அளித்த புகாரின் பேரில் ஓர் ஆதிவாசிச் சிறுமி அழைத்துவரப்பட்டாள். கூலி வேலை செய்து பிழைத்தவள். வாக்குமூலம் பதிவானதும் உடன் வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவளை மட்டும் நிறுத்திக்கொண்டனர் காவலர்கள். அந்த இரவில் நிலையத்திற்குள்ளேயே அவள் வன்கொடுமைக்கு ஆளானாள். 1974இல் அமர்வு நீதிமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது. 1976இல் உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. உடலில் காயமில்லை, கூச்சலிட்டதற்குச் சான்றில்லை என்பன அதன் காரணங்களுள் முதன்மையானவை. (வழக்கு அவள் பெயராலேயே அறியப்படுகிறது. அப்பெயரை இங்கே வேண்டுமென்றே தவிர்க்கிறோம்.)

சர்க்கார், உபேந்திர பக்‌ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நால்வரும் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். அது முழக்கமன்று, தீர்ப்பை அதன் சொந்தத் தர்க்கத்தைக் கொண்டே சோதித்த சட்ட ஆய்வு. இசைவில் பணிதல் உண்டு. ஆனால் பணிந்தவரெல்லாம் இசைந்தவராகிவிடார் என்பதே அதன் மையம். அதிகாரம் முழுவதும் காவலர் கையில் இருந்த அறைக்குள், வறிய ஆதிவாசிச் சிறுமியின் மௌனத்தை எவ்வாறு பொருள்கொள்வது என்று அது வினவியது. வர்க்கத்தையும் சமூகநிலையையும் சாட்சிய மதிப்பீட்டிற்குள் கொண்டுவந்ததே, நம் பார்வையில், அம்மடலின் பெரும்பங்கு.

1980இல் பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின; மறுஆய்வுக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1983இன் திருத்தம் காவலில் நிகழும் வன்புணர்வைத் தனிக் குற்றமாக்கியது. அத்தகைய வழக்குகளில் உடலுறவு மெய்ப்பிக்கப்பட்டு, தான் இசையவில்லை என்று பெண் நீதிமன்றத்தில் கூறினால், இசைவில்லை என்றே ஊகிக்க வேண்டும் என்ற 114அ பிரிவு சாட்சியச் சட்டத்தில் சேர்ந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதும் தண்டனைக்குரியதாயிற்று.

உடலால் எதிர்க்காதது மட்டுமே இசைவாகாது என்ற விளக்கம் தண்டனைச் சட்டத்தில் ஏறியது 2013இல்தான். அதை நாடாளுமன்றம் நிறைவேற்றியது மார்ச் மாதம். சர்க்கார் பிப்ரவரியிலேயே மறைந்திருந்தார். காவலர் இருவரின் விடுதலை மட்டும் மாறவேயில்லை.