மெருகும் உழைப்பும்: சப்ரகமுவத் தோட்டங்களில் மோட்டார் வண்டி மெழுகின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோரிடையே ஒரு குறிப்பிட்ட ஏக்கம் நிலவுவதைக் காணலாம். தகர டப்பாவில் அடைத்து வந்த கெட்டி மெழுகு, அதிலிருந்து எழும் டர்பன்டைன் மணம், மான்தோல் போன்ற மென்தோலால் இறுதியாகத் துடைத்தெடுக்கையில் தோன்றும் ஆழமான ஒளி ஆகியன பற்றி அவர்கள் உருக்கத்துடன் பேசுவர். இன்றைய திரவப் பூச்சுகள் தருவது பளபளப்பே அன்று என்பது அவர்களது முறைப்பாடு. தோட்ட வாழ்வு பற்றிய துரைமார் மரபு நினைவுகளிலும் பங்களா முகப்பில் கண்ணாடி போல் ஒளிர்ந்து நிற்கும் கார் அந்நியமான காட்சி அன்று.

இந்த ஏக்கத்தை வெறும் பொழுதுபோக்காளர் மனநிலை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு பொருள் ஒளிர்வதற்குப் பின்னால் ஒரு கை இருந்திருத்தல் வேண்டும். அந்தக் கை யாருடையது? அது நினைவிலிருந்து எவ்வாறு அகன்றது? கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் றப்பர், தேயிலைத் தோட்டங்களைக் களமாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலில் மூலப்பொருள்களை நோக்குவோம். கார் மெழுகின் உயிர்நாடி கார்னோபா எனப்படும் ஒருவகைப் பனையின் மெழுகு. வடகிழக்குப் பிரேசிலின் சியாரா, பியாவி முதலிய மாநிலங்களில் அது வளர்கின்றது. கடும் வரட்சியில் நீர் வெளியேறாது காக்கும் பொருட்டு அப்பனை தன் ஓலைமீது மெழுகைப் படரவிடுகின்றது. தொழிலாளர் ஓலையை வெட்டி, வெயிலிற் காயவைத்து, அடித்து உதிர்த்துப் பொடியாக எடுப்பர். ஏறத்தாழ 80 பாகை செல்சியசுக்கு மேலேயே அது உருகும். இயற்கை மெழுகுகளுள் மிகக் கடினமானவற்றுள் ஒன்றாதலின், வெயிலில் நிற்கும் உலோகத்துக்கு அது பொருத்தமாயிற்று.

காரின் சக்கரத்துக்கு உரிய றப்பரும் அதே பிரேசிலின் மரமே. 1876 இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் தப்பஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டு சென்றார். அவற்றுள் முளைத்தவை சில ஆயிரமே. அந்நாற்றுகளுட் பெரும்பாலானவை அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹேனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் முதலாளிகள் தேயிலையின் பக்கம் திரும்பினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டித் தொழில் பெருகியபோது, களனிப் பள்ளத்தாக்கும் சப்ரகமுவக் குன்றுகளும் றப்பர்க் காடுகளாயின. 1903 இல் எட்டியாந்தோட்டைக்கும் 1912 இல் இரத்தினபுரிக்கும் ஒடுங்கிய பாதை ரயில் எட்டியது. 1910 இல் இலண்டனில் ஒரு இறாத்தல் றப்பர் 12 சிலிங்குக்கு மேல் விலைபோயிற்று.

ஆகவே சப்ரகமுவத் தோட்டத்துரையின் கார் ஒரு தனிப்பட்ட வசதிப் பொருள் மட்டுமன்று. அது நிற்கும் நிலத்தின் உற்பத்திக்குக் காரணமும் அதுவே. அந்த உற்பத்தியின் விளைவும் அதுவே. விடியுமுன் மரத்தின் பட்டையைச் சரிவாகக் கீறிச் சிரட்டையிற் பால் ஏந்திய தொழிலாளியின் உழைப்பு புகையூட்டிய தாள்களாகக் கப்பலேறி, டயராக மாறி, அதே தோட்டத்துப் பாதைக்குத் திரும்பி வந்தது. பிரேசிலின் இரு தாவரங்கள் பங்களா முகப்பிற் சந்தித்துக்கொண்டன. ஒன்றின் பால் சக்கரத்தில். மற்றதன் மெழுகு உடலில். இரண்டையும் ஈட்டியவர்கள் அந்த வண்டியில் ஏறியவர்கள் அல்லர்.

3

அக்காலக் கார் ஏன் அவ்வளவு தேய்ப்பை வேண்டிற்று? இதற்கு விடை ரசனையில் அன்றித் தொழில்நுட்பத்தில் உள்ளது. ஆரம்பக் கார்கள் குதிரை வண்டிகளைப் போலவே பல படை வார்னிஷ் பூசப்பெற்றவை. முகவிளக்குகளும் குளிர்கலமும் பித்தளையால் ஆனவை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியின் ஈரக்காற்றிற் பித்தளை விரைவிற் கறுக்கும். 1905 இல் பிரித்தானியச் சந்தைக்கு வந்த பிராசோ போன்ற மெருகுநீர்கள் இதனாலேயே அவசியப் பொருள்களாயின. 1923 இல் ஐக்கிய அமெரிக்காவின் டூபோன்ட் கொம்பனி டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சை அறிமுகப்படுத்தியது. பல நாட்கள் பிடித்த பூச்சுவேலை சில மணித்தியாலங்களில் முடிந்தது. தொழிற்சாலையில் உழைப்பு நேரம் சுருங்கிற்று.

ஆனால் அவ்வாறு மிச்சம் பிடிக்கப்பட்ட உழைப்பு முற்றாக மறைந்துவிடவில்லை. அதன் ஒரு பகுதி வண்டி நின்ற வீட்டு வாசலுக்கு இடம்பெயர்ந்தது எனலாம். அவ்வகைப் பூச்சு வெயிலில் மங்கிச் சுண்ணாம்பு போலப் பொடிபடும். முதலில் சேற்றைக் கழுவவேண்டும். செம்மண் துகள் ஒன்று எஞ்சினும் அது வண்ணத்தைக் கீறிவிடும். பின்னர் உராய்வுப் பசையால் மங்கிய மேற்படையைத் தேய்த்து அகற்றவேண்டும். அதன்பின் மெழுகை மெல்லியதாகப் பூசி, வெண்புகை போல உலரும்வரை காத்திருந்து, சுத்தமான துணியால் தேய்க்கவேண்டும். வெயில் ஏறுமுன் நிழலிற் செய்யவேண்டிய வேலை இது. ஒவ்வொரு தடவையும் துணியில் வண்டியின் நிறம் ஏறும். மெருகு என்பது பொருளின் உடல் சிறிது சிறிதாகத் தேய்வதன் மறுபெயர். தேய்ப்பவன் உடலுக்கும் இது பொருந்தும்.

இங்கே ஓர் உண்மை தெளிவாகின்றது. பழைய மெழுகின் 'ஆழமான ஒளி' மெழுகின் குணம் மட்டுமன்று. அதில் உறைந்துள்ள உழைப்பு நேரத்தின் அளவுமாகும். மணிக்கணக்கான கையுழைப்பு மிக மலிவாகக் கிடைத்த ஒரு சமூகத்திலேயே அத்தகைய ஒளி அன்றாடக் காட்சியாக இருக்க முடிந்தது.

4

அம்மலிவு இயல்பாக அமைந்ததன்று, உருவாக்கப்பட்டது. கங்காணி முறையும் துண்டு முறையும் தொழிலாளியைக் கடனாற் பிணைத்தன. துண்டு முறை 1921 இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927 இல் வந்தது. ஆயினும் 1930களின் தொடக்கத்தில் றப்பர் விலை வீழ்ந்தபோது கூலி வெட்டப்பட்டது. றப்பர்த் தோட்டங்களிலிருந்து பெருந்தொகையினர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். சந்தையின் ஏற்றத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் அதன் இறக்கத்துக்கு விலை கொடுத்தனர்.

பங்களா வேலையாளின் நிலை தனித்து நோக்கத்தக்கது. லயத்தில் உறவும் பங்களாவில் வேலையுமாக அவன் இரு உலகுகளுக்கு இடையில் நின்றான். 1936 இல் ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து என். எம். பெரேரா அரசாங்க சபைக்குத் தெரிவானார். களனிப் பள்ளத்தாக்கு இடதுசாரி இயக்கத்தின் தொடக்கக் களங்களுள் ஒன்றாயிற்று. மலைக்குச் சென்று கூட்டாக உழைத்தோருக்குச் சங்கம் என்ற கருத்து எட்டுவது எளிது. துரையின் கண்முன்னே தனித்து உழைத்தவனுக்கு அது அவ்வளவு எளிதாக இருந்திருக்க முடியாது.

எனினும் அவனை வெறும் அடிமை மனத்தினனாகக் காண்பது பொறிமுறையான பார்வையாகும். எந்த வண்ணம் எவ்வளவு தேய்ப்பைத் தாங்கும், எந்தத் துணி கீறும், எந்த ஈரத்தில் மெழுகு திட்டாகும் என்பன ஏட்டிற் கற்ற அறிவல்ல. அது கைவினைஞனின் அறிவு. அவ்வறிவில் அவன் பெருமை கொண்டிருப்பின் அப்பெருமை போலியன்று. போலியாக இருந்தது, அவ்வறிவின் பயன் முழுவதையும் உடைமையாளனின் 'ரசனை' என்று பெயரிட்டழைத்த சமூக உறவே. பண்டங்களின் மாயத்தன்மை பற்றி மார்க்ஸ் மூலதனம் முதற் பாகத்தில் (1867) விளக்குவதும் இதுவே: மனிதரிடையேயான உறவு பொருள்களின் இயல்பாகத் தோற்றம் கொள்கின்றது. பங்களா முகப்பில் ஒளிர்ந்தது கார், மறைந்தது மனிதன்.

இம்மறைவு உருவகம் மட்டுமன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கிற்று. தந்தையும் பாட்டனும் இங்கு பிறந்தமைக்கு அவர்களிடம் ஆவணம் கேட்கப்பட்டது. துரையின் காருக்குப் பதிவிலக்கம் இருந்தது. அதைத் துடைத்தவனுக்கு நாட்டின் பதிவேட்டில் இடமிருக்கவில்லை.

5

பின்வந்த மாற்றங்களைச் சுருக்கமாகக் கூறலாம். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. வெள்ளைத் துரை அகன்றார். 'துரை' என்ற பதவிச்சொல் அகலவில்லை. 1992 இல் முகாமை தனியார் கொம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. இதனிடையே 1970களில் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு மொரிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற வண்டிகளை நீண்டகாலம் வாழவைத்தது. பழுதுபார்த்தலும் மெருகேற்றலும் துரைமாரின் ஆடம்பரம் என்ற நிலையிலிருந்து நடுத்தர வர்க்கத்தின் தேவையாக மாறின. 2020 முதல் 2025 வரை தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தபோதும் பழைய வண்டியின் மதிப்பு இவ்வாறே உயர்ந்தது. மறுபுறம், நிறத்தின்மேல் நிறமற்ற காப்புப்படை பூசும் முறை 1980களில் உலகெங்கும் பரவியதால், வாராந்தத் தேய்ப்பின் அவசியமே குறைந்தது. தேவை மறைந்த இடத்திலேயே ஏக்கம் பிறந்தது.

அந்த ஏக்கம் யாரை நினைவுகூர்கின்றது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1935 இல் அமெரிக்க மெழுகு உற்பத்தியாளர் எச். எப். ஜோன்சன் கார்னோபாப் பனையைத் தேடி விமானத்தில் பிரேசிலுக்குப் பறந்தார். 1998 இல் அவர் மகன் அதே வகை விமானம் ஒன்றைப் புதிதாக அமைப்பித்து, அவ்வழியே மீண்டும் பறந்தார். தந்தைமீது மகன் கொண்ட பாசத்தை நாம் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் ஓலை வெட்டியவனின் மகனுக்குத் தந்தையின் பாதையை மீள நடந்து காட்டும் வசதி ஏது? அண்மைக் காலத்திலுங்கூட அப்பனந்தோப்புகளில் அடிமை நிலைக்கு ஒப்பான உழைப்பைப் பிரேசிலின் தொழில் அதிகாரிகள் கண்டறிந்துள்ளனர். அவனுக்கு அது கடந்தகாலமே அன்று.

6

நினைவேக்கத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லை 1688 இல் ஆக்கியவர் யொஹான்னஸ் ஹோபர் என்ற சுவிஸ் மருத்துவர். ஊரைப் பிரிந்து கூலிக்குச் சென்றோரின் நோய்க்கு அவர் இட்ட பெயர் அது. ஆதியில் அது உடைமையாளரின் உணர்வன்று. இடம்பெயர்ந்த உழைப்பாளியின் துயரம். சப்ரகமுவத் தோட்டங்களில் அத்துயரத்துக்கு உரித்தானோர் யார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் இம்மாகாணத்துத் தோட்டமக்கள் தாக்கப்பட்டனர், லயங்கள் எரிக்கப்பட்டன, பலர் வெளியேறினர். லயத்துடன் எரிந்த பிறப்புச் சான்றுக்கும் புகைப்படத்துக்கும் மெழுகிட்டுப் பேணும் சங்கம் எதுவும் இருந்ததில்லை.

எனவே பழைய மெருகின் மீதான ஏக்கத்தை நாம் முற்றாக நிராகரிக்க வேண்டியதில்லை. அதனுள் ஒரு நியாயமான கூறு உண்டு: பொருளை எறிந்துவிடாது பேணுதல், கையின் நுட்பத்தை மதித்தல். அக்கூறு உரியவரிடம் சேர்க்கப்படல் வேண்டும். பால் வெட்டியோர், ஓலை அடித்தோர், துணி பிடித்தோர் ஆகியோரின் வாய்மொழிச் சான்றுகள் திரட்டப்பட வேண்டும். அவர்களிற் பலர் முதுமையின் எல்லையில் உள்ளனர். நாட்டார் பாடல்களைத் திரட்டுவதில் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் காட்டிய அக்கறை, தொழில் நுட்பங்களைத் திரட்டுவதிலும் காட்டப்பட வேண்டியது இன்றைய தேவை. பழைய கார்கள் இன்னும் பல ஆண்டுகள் நிற்கும். அவற்றைத் துடைத்தோரின் குரலுக்கு அவ்வளவு காலம் இல்லை.